தழும்பு அடைத்த வழி: சிறுநீர்ப் பாதைச் சுருக்கமும் கன்னத்துத் தோல் வைத்துச் சீரமைப்பதும்

என் சித்தப்பா பதினோரு வருடம் "கம்பி விட" போய்வந்தார். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை காலையில் கிளம்புவார், மத்தியானம் திரும்புவார், சில தடவை ராத்திரி குளிர்காய்ச்சலோடு சுருண்டு படுத்திருப்பார். வீட்டில் சர்க்கரைப் பரிசோதனை என்று சொல்லிவைத்திருந்தார். சிறுநீர் வரும் வழி சுருங்கிவிட்டது, அதை உலோகக் கம்பி நுழைத்து விரித்துவிடுகிறார்கள் என்பது சித்திக்கே பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இதை நிலையாகச் சரிசெய்ய நல்ல வாய்ப்புள்ள அறுவை சிகிச்சை ஒன்று இருக்கிறது என்று அத்தனை காலமும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, கேட்க வெட்கம். அப்படி வெட்கத்தோடு காலம் தள்ளிக்கொண்டிருப்பவர்களையும் அவர்கள் வீட்டாரையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் இரண்டு குழாய்களையும் நாம் சிறுநீர்க்குழாய் என்கிறோம். பையிலிருந்து உடம்புக்கு வெளியே வரும் ஒற்றைக் குழாயையும் அப்படியேதான் சொல்கிறோம். சிறுநீரகக் கல் இறங்கிச் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் மேலே இருக்கும் குழாய்களில். இங்கே பேசுவது கீழே இருக்கும் ஒற்றைக் குழாயைப் பற்றி. பாடநூல்கள் அதைச் சிறுநீர்ப் புறவழி என்கின்றன, மருத்துவர்கள் யூரெத்ரா என்பார்கள். அதில் வரும் சுருக்கம் 'ஸ்ட்ரிக்சர்'.

பெண்களுக்கு இந்தக் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான். ஆண்களுக்கு 18 முதல் 20 செ.மீ. வரை இருக்கும். பையின் வாயிலிருந்து புராஸ்டேட் சுரப்பிக்குள் புகுந்து, சிறுநீரை அடக்கும் தசை வளையத்தைத் தாண்டி, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதிக்கு வந்து, அங்கே வளைந்து ஆணுறுப்பின் நுனிவரை போகிறது. நீளமும் வளைவும் அதிகம் என்பதால் அடிபடும் வாய்ப்பும் அதிகம். இந்த நோய் பெரும்பாலும் ஆண்களுக்கே வருவதற்கு அது ஒரு காரணம். சைக்கிள் சீட்டில் உட்காரும்போது நம் எடை படுகிற இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் பகுதிக்கு 'பல்பார்' என்று பெயர். சுருக்கம் அதிகம் வருவது அங்கேதான்.

குழாயின் உட்பக்கம் மெல்லிய சவ்வு. அதைச் சுற்றி ரத்தம் நிறைந்த பஞ்சு போன்ற திசு. உட்சவ்வு கிழிந்தால் சிறுநீர் அந்தப் பஞ்சுத் திசுவுக்குள் கசியும், புண்ணாகும், ஆறும்போது தழும்பாகும். தீக்காயம் பட்ட கையில் தோல் ஆறும்போது விரலை இழுத்து மடக்கிவிடுவதைப் பார்த்திருப்போம். அதே இழுப்பு ஒரு குழாயைச் சுற்றி நடந்தால் குழாய் குறுகிப்போகும். ஸ்ட்ரிக்சர் என்பது கட்டியும் அல்ல, கல்லும் அல்ல, தழும்பு. மாத்திரையோ கஷாயமோ இந்தத் தழும்பைக் கரைக்காது. நூல்போலச் சிறுநீர் போகும்போது "உடம்புச் சூடு" என்று இளநீரும் வெந்தயமும், "கல்லடைப்பு" என்று வாழைத்தண்டுச் சாறும் குடித்து வருடங்களைக் கழிக்கிறவர்கள் உண்டு. அவற்றால் சிறுநீர் அதிகம் சுரக்கலாம். வழி அகலாது.

நல்ல நிலையில் இருக்கும் குழாயில் 7, 8 மி.மீ. தடிமன் உள்ள கருவி தாராளமாகப் போய்வரும். அது சுமார் 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கும்வரை பலருக்கு எதுவுமே தெரியாது. வழி குறுகக் குறுகச் சிறுநீர்ப்பையின் தசை இன்னும் பலமாக அழுத்தி ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். "திடீர்னு ஒண்ணுக்கு அடைச்சுக்கிச்சு" என்று அவசரப் பிரிவுக்கு வருகிறவருக்கு நோய் பெரும்பாலும் பல மாதம், பல வருடம் முன்பே தொடங்கியிருக்கும்.

தழும்பு எங்கிருந்து வருகிறது

கால் விரித்த நிலையில் எதன் மீதாவது விழுவது ஒரு பழைய காரணம்: சைக்கிள் பார், சாக்கடை மூடியின் விளிம்பு, மரக்கிளை. பத்து வயதில் விழுந்த அடிக்கு முப்பது வயதில் சுருக்கம் தெரியலாம். அந்த விழுகையே மறந்துபோயிருக்கும். இன்னொன்று மருத்துவமனையிலேயே நடப்பது. வேறு ஏதோ நோய்க்காகப் போடும் யூரின் டியூப் முரட்டுத்தனமாக நுழைக்கப்பட்டாலோ, அதன் நுனியில் உள்ள பலூன் பைக்குள் போய்ச் சேரும் முன்பே ஊதப்பட்டாலோ உட்சவ்வு கிழியும். புராஸ்டேட்டைச் சுரண்டியெடுக்கும் அறுவைக்குப் பிறகும் சிலருக்கு வரும். கொனோரியா என்ற பால்வினை நோய் ஒரு காலத்தில் முதன்மைக் காரணமாக இருந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வந்தபின் அதன் பங்கு குறைந்துவிட்டது. முன்தோலும் நுனியும் வெளுத்துத் தடித்து இறுகும் 'லைக்கன் ஸ்கிளரோசஸ்' என்ற தோல் நோய் நுனியில் தொடங்கி உள்ளே நெடுக ஊரக்கூடியது. பிறவியிலேயே துவாரம் கீழே அமைந்து, சிறுவயதில் அதற்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கும் பின்னாளில் சுருக்கம் வரலாம். இவை எதுவுமே இல்லாமல், காரணம் பிடிபடாமல் வருகிறவர்களும் கணிசம். ஆகவே "ஏதோ தப்பு வழியில் போயிருப்பான்" என்று எடுத்த எடுப்பில் ஒருவரைச் சந்தேகிப்பது அநியாயம். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் மருத்துவரிடமே போவதில்லை.

ஐம்பதைத் தாண்டியவர் என்றால் எல்லோரும் புராஸ்டேட் என்றுதான் நினைப்பார்கள். அது நியாயமான யூகம்தான். ஆனால் இருபத்தைந்து, முப்பது வயதுக்காரருக்குத் தாரை மெலிந்து, இரண்டாகப் பிரிந்து தெறித்து, முக்கி முக்கிப் போக வேண்டியிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தச் சுருக்கத்தை. அடிக்கடி சிறுநீர்த் தொற்று, விதை வீங்கி வலிப்பது, பையில் கல் சேர்வது எல்லாம் இதன் பின்விளைவாக வரலாம். கவனிக்காமலே விட்டால் சீழ் பிடித்து விதைப்பையின் அடியில் துவாரங்கள் விழுந்து அவற்றின் வழியே சிறுநீர் கசியும், சிறுநீரகமும் கெடும்.

படம் எடுக்காமல் கம்பி வேண்டாம்

யூரோஃப்ளோ பரிசோதனை எளிமையானது. வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு புனல் கருவியில் சிறுநீர் கழித்தால் போதும். நொடிக்கு எத்தனை மில்லி வருகிறது என்று அது வரைபடம் போட்டுவிடும். நல்ல வேகம் நொடிக்கு 15 மி.லி.க்கு மேல். ஆரோக்கியமானவரின் கோடு மலைபோல ஏறி இறங்கும். சுருக்கம் உள்ளவரின் கோடு கொஞ்சம் ஏறி, மொட்டைமாடிபோலத் தட்டையாக நீண்டுகொண்டே போகும். எவ்வளவு முக்கினாலும் குறுகிய வழி அதற்கு மேல் விடாது என்பதன் படம் அது. கழித்த பிறகு பையில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள்.

முக்கியமானது ஆர்.ஜி.யு., எம்.சி.யு. என்று நம் மருத்துவமனைகளில் சொல்லப்படும் எக்ஸ்ரே. நுனியில் மருந்து செலுத்தி ஒரு படம், பையை மருந்தால் நிரப்பிச் சிறுநீர் கழிக்கவைத்து ஒரு படம். எரிச்சலாகவும் கூச்சமாகவும் இருக்கும் என்பது உண்மை. ஆனால் சுருக்கம் எங்கே, எத்தனை செ.மீ. என்று தெரியாமல் எந்தச் சிகிச்சையையும் முடிவுசெய்ய முடியாது. என் சித்தப்பாவுக்கு முதல் ஏழு வருடம் இந்தப் படமே எடுக்கவில்லை. எதை விரிக்கிறோம் என்று தெரியாமலே விரித்துக்கொண்டிருந்தார்கள்.

சமீபத்தில் கம்பியோ டியூப்போ நுழைத்திருந்தால் படம் ஏமாற்றும். சுருக்கம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அதனால் பெரிய அறுவைக்கு முன் நான்கு முதல் ஆறு வாரம் அந்த வழியைத் தொடாமல் விடுவார்கள். அதுவரை சிறுநீர் போகவே இல்லையென்றால் தொப்புளுக்குக் கீழே வயிற்றில் சிறு துளையிட்டு நேரே பையில் டியூப் வைப்பார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சுருங்கிய வழியில் மறுபடி மறுபடி டியூப் திணிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

விரிப்பதும் கீறுவதும்

குழாயை விரிப்பது மிகப் பழைய உத்தி. நெய் தடவிய குழாய்களை நுழைத்துப் படிப்படியாகப் பெரிதாக்கும் முறை சுஸ்ருத சம்ஹிதையிலேயே உண்டு. 1970களில் ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் சாக்சே, கேமராக் கருவியின் வழியே கண்ணால் பார்த்துக்கொண்டே தழும்பைச் சிறு கத்தியால் கீறும் முறையைப் பரப்பினார். இங்கே அதை ஓ.ஐ.யு. என்பார்கள். வெளியே தையல் கிடையாது, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆகவே அது எல்லா ஊருக்கும் பரவியதில் வியப்பில்லை.

இதன் உள்ளே நடப்பது ஒரு பந்தயம். கீறிய இடத்தை உட்சவ்வு வளர்ந்து மூடுவது முந்துகிறதா, புதிய தழும்பு இழுத்துச் சுருக்குவது முந்துகிறதா? பல்பார் பகுதியில், முதல்முறையாக வந்த, 2 செ.மீ.க்குக் குறைவான, மெல்லிய தழும்பு என்றால் சவ்வு ஜெயிக்க ஓரளவு வாய்ப்பு உண்டு. முதல்முறை கீறிப் பார்ப்பதில் தவறில்லை. மற்ற இடங்களில் தழும்புதான் பெரும்பாலும் ஜெயிக்கிறது. இத்தாலியில் பன்சதோரோ, எமிலியோட்சி இருவரும் 224 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1996இல் வெளியிட்ட முடிவில் 68% பேருக்குச் சுருக்கம் திரும்பி வந்திருந்தது. பல்பார் பகுதியில் 58%, ஆணுறுப்புப் பகுதியில் 84%. மறுபடி கீறுவது இந்தக் கணக்கை மேம்படுத்தவில்லை.

மேம்படுத்தாததோடு நிற்பதுமில்லை. ஒவ்வொரு கீறலும் ஒரு புதுக் காயம். ஒரு செ.மீ. தழும்பு இரண்டாகும், மெல்லியது தடிக்கும், பின்னால் செய்ய வேண்டிய பெரிய அறுவை அந்த அளவுக்குக் கடினமாகும். இரண்டாவது தடவையும் சில மாதத்திலேயே திரும்பிவிட்டது என்றால் மூன்றாவது கீறல் நிலையான தீர்வு தராது என்பது இந்தத் துறையில் இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. வயது, இதய நோய் காரணமாகப் பெரிய அறுவையைத் தாங்க முடியாதவர்கள் விரித்துக்கொண்டே காலம் தள்ளலாம். அது அவர்கள் தெரிந்தே எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். தெரியாமல் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

புதிதாக, தழும்பு மறுபடி வளர்வதைத் தடுக்கும் பேக்லிடாக்செல் என்ற மருந்து பூசிய பலூனால் விரிக்கும் முறை வந்திருக்கிறது. 2021 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. திரும்பத் திரும்ப வரும் குட்டையான சுருக்கங்களில், ஒரு வருடக் கணக்கில், வழக்கமான விரிப்பைவிட நல்ல பலன் தெரிகிறது. நீளமான சுருக்கத்துக்கு அது பதில் அல்ல.

குழாயையே சீரமைப்பது: யூரெத்ரோபிளாஸ்டி

சுருக்கம் குட்டையாக, பல்பார் பகுதியில் இருந்தால், விதைப்பைக்குக் கீழே திறந்து, தழும்பு பிடித்த துண்டை வெட்டியெடுத்துவிட்டு, நல்ல முனைகள் இரண்டையும் இழுத்துச் சேர்த்துத் தைத்துவிடலாம். அந்தப் பகுதிக் குழாய்க்குக் கொஞ்சம் நெகிழ்வு உண்டு, அதனால் 2 செ.மீ. அளவு இழந்தாலும் எட்டும். அனுபவமுள்ள கைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இது நிலைக்கிறது.

நீளமாக இருந்தால் வெட்டித் தைக்க முடியாது. குழாய் குட்டையாகி ஆணுறுப்பு வளைந்துவிடும். அப்போது குழாயை நெடுக்காகப் பிளந்து, இடைவெளியில் ஒட்டுப்போட்டு அகலப்படுத்துவார்கள். சட்டை இறுக்கமானால் பக்கத்தைப் பிரித்துத் துணி சேர்த்துத் தைக்கிறோமே, அதேபோல. அந்த ஒட்டு எங்கிருந்து? நம் கன்னத்தின் உட்பக்கத்திலிருந்து.

இதை முதலில் சொன்னபோது சித்தப்பா நம்பவில்லை. யோசித்தால் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. கன்னத்து உட்தோலில் முடி இல்லை. எப்போதும் ஈரத்திலேயே வாழ்ந்து பழகியது. மேற்பரப்பு தடித்தது, அடியில் நெருக்கமான ரத்தக்குழாய்கள். ஒட்டிவைத்த முதல் இரண்டு நாள் அதற்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் உள்ள திசுவிலிருந்து ஊறும் நீரைக் குடித்தே உயிரோடிருக்கும். அடுத்த ஓரிரு நாளில் கீழிருக்கும் நுண்குழாய்கள் ஒட்டின் குழாய்களோடு இணைய, அது அங்கேயே வேர்பிடித்துவிடும். நாற்றுப் பிடுங்கி நட்டபின் பச்சை கட்டும்வரை காத்திருப்பதுபோல மருத்துவர்கள் இந்த நாட்களில் காத்திருக்கிறார்கள்.

1890களில் கீவ் நகரில் சபெஷ்கோ என்ற மருத்துவர் இதைச் செய்திருக்கிறார். 1941இல் இங்கிலாந்தில் ஹம்பி செய்தார். பிறகு அரை நூற்றாண்டு ஏறக்குறைய மறக்கப்பட்டு, 1992இல் மீண்டும் எழுந்து உலகெங்கும் பரவியது. 1996இல் இத்தாலியின் பார்பலி ஒட்டைக் குழாயின் மேற்பக்கம், உறுதியான திசுவின் மீது விரித்துவைக்கும் முறையை வெளியிட்டார். இந்தியர்களின் பங்கு இதில் பெரியது. ஆக்ராவின் அசோபா, குழாயை அடிப்பக்கம் திறந்து உள்வழியாகவே மேல்பக்கத்தில் ஒட்டுவைக்கும் முறையை 2001இல் வெளியிட்டார். புனேயின் சஞ்சய் குல்கர்னி, குழாயை ஒரு பக்கம் மட்டும் பிரித்து மறுபக்கத்து ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றும் முறையை உருவாக்கினார். இன்று பல நாட்டு மருத்துவர்கள் செய்யும் அறுவைகளுக்கு இவர்கள் பெயர்தான்.

நம் ஊரில் இங்கே ஒரு தடை உண்டு. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், குட்கா, பாக்குத்தூள் மெல்லுகிறவர்களின் கன்னத்து உட்தோல் வெளுத்து நார்போல விறைத்துப்போகிறது. வாயே சரியாகத் திறக்க முடியாத அளவுக்குச் சிலருக்கு முற்றியிருக்கும். அந்தத் தோல் நல்ல ஒட்டு ஆகாது. எடுத்த இடமும் ஆறச் சிரமப்படும். அப்போது நாக்கின் அடிப்பக்கத்திலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ எடுக்கப் பார்ப்பார்கள். அறுவைக்குத் தேதி குறித்தவர் அன்றே வாயில் போடுவதை நிறுத்திவிடுவது நல்லது.

திசு மிகவும் கெட்டுப்போயிருந்தால் இரண்டு கட்டமாகச் செய்வார்கள்: முதலில் ஒட்டு வைத்துத் திறந்தபடி ஆறவிட்டு, சில மாதம் கழித்துக் குழாயாகச் சுருட்டித் தைப்பது. வயதானவர்களுக்கு விதைப்பையின் பின்னால் நிரந்தரத் துவாரம் வைத்துவிடும் வழியும் உண்டு. உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க முடியும், ஆனால் அடைப்புத் தொல்லையிலிருந்து விடுதலை. சாலை விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து குழாயே துண்டாகிப் போவது வேறு கதை. அதில் வயிற்று டியூப்போடு மூன்று மாதம் பொறுத்திருந்து, ரத்தக்கட்டு வற்றியபின்தான் இணைப்பார்கள்.

வெற்றி என்பது யாருடைய கணக்கு

புனேயில் குழாய் நெடுகவே சுருங்கிப்போன 117 பேருக்குச் செய்த அறுவைகளின் முடிவு 2012இல் வெளியானது. சராசரிச் சுருக்கம் 14 செ.மீ.; கிட்டத்தட்ட ஐந்து வருடக் கண்காணிப்பில் 83.7% வெற்றி. ஆனால் முன்பே ஓர் அறுவை தோற்றுப்போயிருந்தவர்களைத் தனியாகப் பார்த்தால் 61.5%தான். முதல் அறுவை நன்றாக அமைவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேண்டியதில்லை. நான் யாரிடமும் சொல்வது: அருகிலிருக்கும் மருத்துவமனை என்று பார்க்காமல், இந்த அறுவையை அடிக்கடி செய்கிறவரைத் தேடிப் போங்கள். "வருஷத்துக்கு எத்தனை செய்யறீங்க சார்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. எல்லாச் சிறுநீரகவியல் மருத்துவர்களும் இதைச் செய்வதில்லை. செய்யாதவர்களில் நேர்மையானவர்கள் தாமாகவே வேறிடத்துக்கு அனுப்புவார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் பல்பார் சுருக்கம் ஏற்கனவே ஒருமுறை திரும்பிவந்த 222 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கீறலும் மறு பிரிவுக்குச் சீரமைப்பும் செய்த ஆய்வு 2020இல் வந்தது. இரண்டு வருடத்தில் தொல்லை குறைந்தது இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றே. மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்கள் கீறல் பிரிவில் 29 பேர், சீரமைப்புப் பிரிவில் 15 பேர். கீறலும் நிம்மதி தருகிறது. அந்த நிம்மதி எத்தனை நாள் நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம். பெரிய அறுவைக்கு இப்போது லீவு கிடைக்காத ஒருவர், இதை அறிந்தபின் இன்னொரு கீறலைத் தேர்ந்தெடுத்தால் அதைக் குறைசொல்ல முடியாது.

'வெற்றி' என்ற சொல்லுக்கு மருத்துவர்கள் நெடுநாள் வைத்திருந்த பொருள், மறுபடி கருவி நுழைக்கத் தேவையில்லை என்பதுதான். நோயாளியின் கணக்கில் இன்னும் சில வரிகள் உண்டு. சிறுநீர் கழித்து முடித்தபின் வழியில் தங்கும் சில சொட்டு உள்ளாடையில் இறங்குவது பலருக்கு நேர்கிறது. விந்து முன்போல வேகமாக வெளிவராமல் இருக்கலாம். விறைப்பு சில மாதம் குறையலாம். பெரும்பாலோருக்கு ஆறு மாத அளவில் திரும்பிவிடுகிறது, சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. வாயில் சில வாரம் இறுக்கமும் மரத்த உணர்வும் இருக்கும். இவற்றை அறுவைக்கு முன்பே சொல்லியிருந்தால் நோயாளி தாங்கிக்கொள்கிறார். சொல்லாமல் விட்டால் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார். நோயாளியே நிரப்பும் கேள்வித்தாள்களை இப்போது பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம்.

அறுவைக்குப் பிறகு டியூப் பொதுவாக இரண்டு மூன்று வாரம் இருக்கும். எடுப்பதற்கு முன் மருந்து செலுத்திக் கசிவு இல்லை என்று படம் பார்ப்பார்கள். முதல் சில நாள் கஞ்சி, இளகிய சாதம், ஆறின பால். காரம் கன்னத்தில் பட்டால் உயிர் போகும். பைக், சைக்கிள் இரண்டையும் மருத்துவர் சொல்லும்வரை தொடக் கூடாது. திரும்பிவரும் சுருக்கங்களில் பல முதல் ஒன்றிரண்டு வருடத்தில் வருகின்றன, தாமதமாக வருவதும் உண்டு. ஆகவே தொல்லை இல்லையென்றாலும் யூரோஃப்ளோவுக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். இனி வேறு எந்த நோய்க்காக எங்கே சேர்ந்தாலும், யூரின் டியூப் போடுவதற்கு முன் "எனக்கு இந்த ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று சொல்லிவிட வேண்டும்; வீட்டில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும், நாம் மயக்கத்தில் இருக்கும்போது சொல்வதற்கு.

சித்தப்பாவுக்கு 6 செ.மீ. நீளம், கன்னத்து ஒட்டு. நான்கு வருடம் ஆகிறது, கம்பி வைக்கவில்லை. கழித்து முடித்ததும் விதைப்பையின் பின்னாலிருந்து முன்னோக்கி விரலால் மெல்ல நீவிவிட்டு வருகிறார். அதை அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுத்தார், உள்ளாடை ஈரமாவது அதில் பெரும்பாலும் நின்றுவிட்டது. கன்னத்தின் இடது பக்கம் முறுக்கு கடித்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது என்கிறார். வருடாந்திரப் பரிசோதனைக்கு இப்போது சித்தியையும் கூட்டிக்கொண்டு போகிறார்.